உதவி: லினக்ஸ் கர்னலில் சின்ன கிளீனப், மாலையானால் ஊப்ஸ்

கத்துக்குட்டி:
அவசரம். ஒரு டிரைவரில் மெமரி ஒதுக்கும் இடத்தைச் சுத்தம் செய்தேன், நாலே வரி. காலையில் பூட் செய்தால் நன்றாக ஓடுகிறது. மாலைக்குள் ஊப்ஸ் (கர்னல் தனக்குள் கண்ட பிழைக்குப் போடும் எரர்) வந்து நின்றுவிடுகிறது. ஏன்?

நெல்லை நிரலர்:
எந்தப் பதிப்பு? எந்த நாலு வரி? கால் டிரேஸைப் போடுங்கள், எந்த ஃபங்ஷன் எதை அழைத்து விழுந்தது என்ற பட்டியல்.

தறி:
ரேம் கோளாறு. நேரம் ஆக ஆகச் சூடேறும், அப்போதுதான் விழும். எனக்கும் இப்படித்தான் வந்தது. ஒரு ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டுங்கள்.

கத்துக்குட்டி:
கர்னல் 6.6. மெமரி கேட்கும் மால்லாக்கை மாற்றினேன், அவ்வளவுதான்.

பழைய கை:
கர்னலில் வெறும் 'மால்லாக்' கிடையாது தம்பி. மெமரியை அடுத்தடுத்த பேஜ்களாகத் (நிலையான அளவுத் துண்டுகளாக) தரும் கேமால்லாக்கா, சிதறிய பேஜ்களைச் சேர்த்துத் தரும் விமால்லாக்கா? அடிப்படை தெரியாமல் கிளீனப்பில் கை வைக்காதீர்கள். கிட் பிளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக எந்த மாற்றம் தொட்டது என்று காட்டும் கட்டளை) போட்டால் உண்மையான காரணம் இந்தச் சில்லறை மாற்றங்களுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. பிழைத்திருத்தம் மட்டும் பெறும் பழைய ஸ்டேபிள் கிளைக்குத் திருத்தம் கொண்டுபோனால் மோதுகிறது.

மதுரை சி:
அதற்காகத் தொடவே கூடாதா? 5.16இல் வந்த ஃபோலியோவைப் பாருங்கள், ஒரு பேஜையோ பேஜ் தொகுப்பையோ ஒரே பொருளாகக் கையாளும் வகை அது. இது டெயில் பேஜா (தொகுப்பில் முதல் பேஜ் அல்லாததா) என்று காம்பவுண்ட் ஹெட்டை (முதல் பேஜைத் தரும் ஃபங்ஷனை) ஒவ்வொரு ஃபங்ஷனும் திரும்பத் திரும்பக் கேட்டது குறைந்ததே, சின்னச் சின்ன பேட்ச்களாக மாற்றிக்கொண்டே வந்ததால்தான்.

பழைய கை:
அது வடிவமைப்பு மாற்றம். இதோடு ஒப்பிடாதீர்கள்.

நெல்லை நிரலர்:
சண்டை அப்புறம். கத்துக்குட்டி, எவ்வளவு கேட்கிறீர்கள்? எதை எதுவாக மாற்றினீர்கள்?

கத்துக்குட்டி:
256 கேபி. கேமால்லாக் சில நேரம் கிடைக்காமல் போனது, கேவிமால்லாக் ஆக்கினேன்.

நெல்லை நிரலர்:
விடுவிக்கும் இடத்தில் இன்னும் கேமால்லாக்குக்கான கேஃப்ரீதானே இருக்கிறது? 256 கேபி என்றால் அடுத்தடுத்து 64 பேஜ் (ஒன்று 4 கேபி) வேண்டும். பூட் ஆன புதிதில் கிடைத்துவிடும். நேரம் போகப் போக மெமரி துண்டு துண்டாகி, கேவிமால்லாக் சத்தமில்லாமல் விமால்லாக்குக்குப் போய்விடும். அந்த முகவரியைக் கேஃப்ரீயிடம் கொடுத்தால் ஊப்ஸ்தான். கேவிஃப்ரீ போடுங்கள், அது எந்த வகை என்று பார்த்து விடுவிக்கும். எரர் வந்தால் தாவும் லேபிள்களையும் பாருங்கள். பஃபர் டிஎம்ஏ-வுக்குப் (சிபியு இல்லாமல் சாதனமே மெமரியைப் படித்து எழுதுவதற்கு) போகிறதென்றால் கேவிமால்லாக்கே வேண்டாம்.

தறி:
எதற்கும் மெம்டெஸ்ட் ஓட்டிவிடுங்கள்.

கத்துக்குட்டி:
இரண்டு இடத்தில் கேஃப்ரீ இருந்தது, ஒன்று எரர் லேபிளில். மாற்றிவிட்டேன். டிஎம்ஏ இல்லை. நேற்றிலிருந்து விழவில்லை. நன்றி.

மதுரை சி:
அனுப்பும்போது ஒதுக்குவதும் விடுவிப்பதும் ஒரே பேட்சில் இருக்கட்டும். கேமால்லாக் எப்போது தோற்றது என்பதையும் விளக்கத்தில் எழுதுங்கள். பிளேம் பார்ப்பவருக்கு அதுதான் வேண்டும்.