எஞ்சினுக்குள் நழுவிய 10 எம்எம் போல்ட் தரைக்கு வந்து சேரவில்லை. எங்கே தேடுவது?

திருவட்டாறு ரப்பர்க்காரன், ஞாயிறு பிற்பகல் 3.40

வண்டி 2014 மாடல் வேகன் ஆர், பெட்ரோல். ஸ்பார்க் பிளக்கை முதன்முறையாக நானே மாற்றிப் பார்க்கலாம் என்று இன்று மதியம் இறங்கினேன். மழை விட்டிருந்தது, ரப்பர் வெட்டும் இல்லை. ஏர் பில்டர் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்தேன். பிளக்குக்கு ஒன்றாக அதன் குழியின் மேல் உட்கார்ந்து மின்சாரம் கொடுக்கும் மூன்று இக்னிஷன் காயில்களில், முதல் காயிலின் போல்ட் மரியாதையாக வந்தது. அதைச் சிரட்டையில் போட்டேன். இரண்டாவதைச் சாக்கெட்டால் தளர்த்திவிட்டு, மீதியை விரலால் திருகிக்கொண்டிருந்தபோது கழுத்தில் கொசு கடித்தது. கை தானாகப் போய்விட்டது.

"டிங்" என்று ஒரு சத்தம். சற்றுக் கீழே "டொக்" என்று இன்னொன்று. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. தரையில் விழுந்த சத்தம் நிச்சயமாகக் கேட்கவில்லை.

கைபேசி வெளிச்சத்தில் மேலிருந்து பார்த்தாயிற்று. சாக்கு விரித்துப் படுத்து முன்பக்கமாக எட்டிப் பார்த்தாயிற்று. மனைவி இரண்டு முறை வந்து, "மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நாளைக் காலை ஏழு மணிக்கு அம்மாவை நாகர்கோவிலுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

என் கேள்வி இதுதான்: கழற்றிய முதல் காயிலைத் திரும்ப மாட்டி எஞ்சினை ஸ்டார்ட் செய்தால், அதிர்வில் போல்ட் தானாகக் கீழே விழுந்துவிடாதா?

மார்த்தாண்டம் பழைய மெக்கானிக், 3.52

ஸ்டார்ட் செய்யாதே மக்கா. சாவியை எடுத்து உன் மனைவியிடம் கொடுத்துவிடு. அவளுக்குத்தான் இப்போது தெளிவு இருக்கிறது.

போல்ட் எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது ஸ்டார்ட் செய்தால், அது ஆல்டர்னேட்டர் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் மாட்டலாம். பெல்ட் கிழியும், அல்லது போல்ட் தெறித்துப்போய் ரேடியேட்டரைக் குத்தும். அது ஒரு வழி. இன்னொரு வழி எஞ்சினுக்கு உள்ளேயே போவது. அது நடந்திருக்க முடியுமா என்று முதலில் பார்த்துவிடுவோம். மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்.

விழுந்த நேரத்தில் ஸ்பார்க் பிளக் எதையாவது கழற்றியிருந்தாயா? ஏர் பில்டர் பெட்டியை எடுத்த பிறகு, காற்று உள்ளே போகும் வாயைத் துணியால் அடைத்தாயா? ஆயில் ஊற்றும் மூடி திறந்திருந்ததா?

திருவட்டாறு ரப்பர்க்காரன், 4.01

பிளக் எதையும் தொடவில்லை. முதல் காயிலை மட்டும் தூக்கி எடுத்திருந்தேன். ஆயில் மூடி மூடித்தான் இருந்தது. காற்று வாயை அடைக்கவில்லை. அடைக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. இப்போது வயிறு கலங்குகிறது அண்ணாச்சி.

நாகர்கோவில் பார்வதிபுரம், 4.05

இதற்குத்தான் ஒர்க்‌ஷாப் என்று ஒன்று இருக்கிறது. பல் வலித்தால் நாமே குறடு எடுத்துக்கொண்டா போகிறோம்?

மார்த்தாண்டம் பழைய மெக்கானிக், 4.14

பார்வதிபுரத்துக்காரரே, ஒர்க்‌ஷாப்பிலும் தினமும் விழுகிறது. நாங்கள் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

தம்பி, வயிறு கலங்க வேண்டாம். பிளக் மூன்றும் இடத்திலேயே இருந்தால், சிலிண்டருக்குள் போக அந்தப் பக்கம் வழியே கிடையாது. மிஞ்சிப் போனால் முதல் காயிலை எடுத்த குழிக்குள் விழுந்து, பிளக்கின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். டார்ச்சை நேராக உள்ளே அடித்துப் பார். இது முக்கியம், ஏனென்றால் குழிக்குள் போல்ட் கிடப்பது தெரியாமல் பிளக்கைக் கழற்றினால், பிளக் வெளியே வரும்போது போல்ட் உள்ளே போகும். அப்புறம் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். டைமிங் செயினைப் பற்றியும் பயம் வேண்டாம், அது மூடிக்குள் ஓடுகிறது.

அடுத்தது காற்று வாய். அதற்குள் ஒரு வட்டத் தகடு இருக்கும், த்ராட்டில் பட்டர்பிளை என்போம். எஞ்சின் நிற்கும்போது அது ஏறக்குறைய மூடித்தான் நிற்கும். காயில் போல்ட் அந்த இடுக்கில் நுழையாது, தகட்டுக்கு முன்னால்தான் கிடக்கும். தகட்டை விரலால் தள்ளாமல் பார். இரண்டு இடமும் காலி என்றால் உடனே இரண்டையும் சுத்தமான துணியால் அடைத்துவிடு. சிறிய துணி வேண்டாம், பாதி வெளியே தொங்கும் அளவுக்குப் பெரிய துணி. சின்னத் துணியை உள்ளேயே மறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்று. நெகட்டிவ்தான் முதலில், மாட்டும்போது அதுதான் கடைசி. சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் சூட்டினால் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றும். நீ கையை விடப்போவது அந்தப் பக்கம்தான்.

திருவட்டாறு ரப்பர்க்காரன், 4.33

பிளக் குழி காலி. பிளக்கின் வெள்ளைத் தலை தெளிவாகத் தெரிகிறது. காற்று வாயும் காலி. இரண்டையும் பழைய வேட்டியால் அடைத்துவிட்டேன். நெகட்டிவைக் கழற்றிவிட்டேன். மூச்சு கொஞ்சம் திரும்பியிருக்கிறது.

ஆனால் போல்ட் இன்னும் வரவில்லை.

கருங்கல் தையற்கடை, 4.41

தம்பி, நான் மெக்கானிக் இல்லை. தையல் இயந்திரத்துக்குள் உடைந்த ஊசி முனையைத் தேடி இருபது வருடமாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். காந்தம் இல்லாமல் நடக்காது.

கடையில் ஆண்டெனா போல நீளும் காந்தக் குச்சி கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை என்றால், பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்து, தடித்த நூலில் கட்டி இறக்கலாம். ஒரே தொல்லை, வழியில் இருக்கும் எல்லா இரும்பிலும் அது போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கு நான் செய்வது: காந்தக் குச்சியின் பக்கவாட்டை பிளாஸ்டிக் குழாயால் மூடி, நுனியை மட்டும் வெளியே விடுவேன். பக்கத்தில் ஒட்டுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

இன்னொன்று. நேராகப் பார்க்காதீர்கள், வெளிச்சத்தைச் சாய்வாக அடியுங்கள். பளபளப்பு அப்போதுதான் கண்ணில் படும். கைபேசியை இடுக்கில் நுழைத்து வீடியோ எடுத்து, பிறகு நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நம் தலை போகாத இடத்துக்கு அது போகும்.

குளச்சல் உப்புக்காற்று, 4.50

காந்தத்தில் எல்லாம் வராது. அலுமினியம், பித்தளை, பிளாஸ்டிக் கிளிப், இவை எதுவும் ஒட்டாது. சமையல் பாத்திர வகை ஸ்டெயின்லெஸிலும் பல ஒட்டாது. காயில் போல்ட் சாதாரண எஃகு என்பதால் வரும். சிரட்டையில் இருக்கும் முதல் போல்ட்டில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். அது ஒட்டினால் தொலைந்ததும் ஒட்டும்.

வடசேரி உதிரிபாகம், 5.02

கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடாது. ஸ்பேனர் பிடிக்கும் தலை 10 எம்எம் என்றால் பெரும்பாலும் தண்டு 6 எம்எம், மரை இடைவெளி 1 எம்எம். நாளை கடைக்கு வரும்போது கூடப்பிறந்த போல்ட்டைக் கையோடு கொண்டுவாருங்கள். அளவை வாயால் சொல்லி வாங்கிப்போனவர்கள் எல்லோரும் மறுபடி வந்திருக்கிறார்கள். நீளம் கூடினால் அடியில் முட்டி அலுமினிய மரையைக் கிழித்துவிடும். ஐந்து ரூபாய்ப் பொருளுக்காகப் பெரிய செலவு.

போல்ட் இல்லாமல் காயிலைச் சும்மா சொருகி ஓட்டவும் வேண்டாம். அதிர்வில் மேலே எழும்பும், நம் ஊர் மழையில் குழிக்குள் தண்ணீரும் இறங்கும். ஒரு சிலிண்டர் தட்டுத்தடுமாறி எரிந்தால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சாப்பிட்டுவிடும்.

திருவட்டாறு ரப்பர்க்காரன், 5.35

கிடைத்துவிட்டது! மகனின் பழைய ஸ்பீக்கர் பலியாகிவிட்டது. தையற்கடை அக்கா சொன்னபடி இறக்கினேன். பேட்டரித் தட்டுக்குக் கீழே, கியர் பாக்ஸின் மேல்விளிம்பில் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. 10 எம்எம் தலைதான். எல்லோருக்கும் நன்றி. மாட்டப் போகிறேன்.

மார்த்தாண்டம் பழைய மெக்கானிக், 5.37

நில். மாட்டாதே.

நீ போட்டது மதியம். மண்ணோடு மண்ணாக எப்படிக் கிடக்கும்? சிரட்டையில் இருப்பதன் பக்கத்தில் வைத்துப் பார்.

திருவட்டாறு ரப்பர்க்காரன், 5.46

அண்ணாச்சி, நீங்கள் மனிதரே இல்லை. இது ஏறக்குறைய ஒரு விரல் கணு நீளம் கூடுதல். மரை முழுக்கத் துரு. இது என்னுடையதே இல்லை. யாரோ எப்போதோ போட்டுவிட்டுப் போனது.

அப்படியானால் என் போல்ட்?

மார்த்தாண்டம் பழைய மெக்கானிக், 5.55

அவசரத்தில் துரு போல்ட்டை முறுக்கியிருந்தால் வடசேரிக்காரர் சொன்னதுதான் நடந்திருக்கும்.

சரி, இனிக் காதால் தேடுவோம். "டிங்" என்றது அலுமினியம் அல்லது கெட்டி இரும்பு. "டொக்" என்றது மெல்லிய தகடு அல்லது பிளாஸ்டிக். தரைச் சத்தம் இல்லை. ஆக, தகட்டின்மேல் நின்றிருக்கிறது. திருவட்டாறு பக்கம் சமதளமான முற்றம் எத்தனை வீட்டில் இருக்கிறது? உன் வண்டி எப்படி நிற்கிறது? மூக்கு மேலேயா, கீழேயா?

திருவட்டாறு ரப்பர்க்காரன், 5.58

மூக்கு கீழே. சாலையிலிருந்து வீட்டுக்கு இறக்கம். பின் சக்கரத்துக்குக் கல் வைத்திருக்கிறேன்.

மார்த்தாண்டம் பழைய மெக்கானிக், 6.04

அந்தக் கல்லை முன் சக்கரங்களுக்கு முன்னால் மாற்று. இறக்கத்தில் வண்டி போவது அந்தப் பக்கம்தான். கியரிலும் போட்டு வை. கீழே நுழையாதே, ஜாக்கியைத் தொடவே தொடாதே. இறக்கத்தில் ஜாக்கியை நம்பிப் படுப்பதற்கு ஒரு போல்ட் தகுதியான காரணம் இல்லை.

மூக்கு கீழே என்றால் உருண்ட பொருள் முன்னால்தான் வந்திருக்கும். ரேடியேட்டருக்கு அடியில் குறுக்கே ஓடும் தகட்டுச் சட்டத்தைப் பார். வாய்க்கால் மாதிரி மடிப்பு இருந்தால், சருகும் செத்த பூச்சியும் சேருவது அங்கேதான். நீ இதுவரை தேடியதெல்லாம் எஞ்சினுக்குப் பின்னாலும் பக்கத்திலும்.

கம்பியை விட்டுக் குடையாதே. ரேடியேட்டர் மடிப்புகள் வெற்றிலை மாதிரி, தொட்டால் வளையும்.

திருவட்டாறு ரப்பர்க்காரன், 6.31

தெரிகிறது! கைபேசி வீடியோவில் தெரிகிறது. ரேடியேட்டருக்குக் கீழே, இடது ஓரத்தில், இரண்டு ரப்பர் இலைகளுக்கு நடுவில் படுத்துக் கிடக்கிறது. கை போகாது. காந்தத்தை இறக்கினால் சட்டத்திலேயே ஒட்டிக்கொள்கிறது, குழாய் மாட்டியும் கேட்கவில்லை. இருட்டப் போகிறது, மேற்கே மழை கட்டியிருக்கிறது.

கருங்கல் தையற்கடை, 6.36

இரும்புச் சட்டத்தின் மேலேயே கிடந்தால் என் குழாய் வேலை செய்யாது. ஒட்டும் பொருள் ஏதாவது பாருங்கள். வீட்டில் சக்கை, அதாவது பலாப்பழம், வெட்டினீர்களா?

திருவட்டாறு ரப்பர்க்காரன், 7.10

வெளியே வந்துவிட்டது.

காலையில் வெட்டிய சக்கையின் பிசின் அரிவாளில் இருந்தது. அதை உருட்டி, விளக்குமாற்றிலிருந்து உருவிய நான்கு ஈர்க்கில்களைச் சேர்த்துக் கட்டி, நுனியில் அப்பினேன். முதல் முறை ஒரு ரப்பர் இலை வந்தது. இரண்டாவது முறை செத்த வண்டு. மூன்றாவது முறை போல்ட். சிரட்டைப் போல்ட்டோடு வைத்துப் பார்த்தேன், ஒரே நீளம், ஒரே மரை. தேங்காய் எண்ணெய் தொட்டுப் பிசினைத் துடைத்து, பிறகு பெட்ரோல் துணியால் எண்ணெயையும் துடைத்துவிட்டேன்.

மழை தொடங்கிவிட்டதால் பிளக் மாற்றும் வேலை நாளைக்கு. காயில்களைப் பழையபடி வைத்துப் பானட்டை மூடிவிட்டேன். அம்மாவும் நானும் காலையில் பஸ்சில் போகிறோம். அம்மாவுக்கு அதில் மகிழ்ச்சிதான், ஜன்னலோரம் கிடைத்தால் போதும்.

நாகர்கோவில் பார்வதிபுரம், 7.18

ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தால் இந்த அளவு சுவாரசியம் இருந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். அந்தத் துரு போல்ட் எங்கிருந்து வந்தது?

மார்த்தாண்டம் பழைய மெக்கானிக், 7.25

நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். தூக்கிப் போட்டுவிடாதே தம்பி. கிடந்தது பேட்டரித் தட்டுக்கு நேர் கீழே. நாளை வெளிச்சத்தில் தட்டின் போல்ட் துளைகளை எண்ணிப் பார்.

திருவட்டாறு ரப்பர்க்காரன், திங்கள் மாலை 5.20

பிளக் மூன்றும் மாற்றியாயிற்று. இந்த முறை பானட்டுக்குள் பழைய போர்வையை விரித்துவிட்டுத்தான் கை வைத்தேன், போல்ட்டைக் கடைசிச் சுற்றில் சாக்கெட்டோடு சேர்த்தே தூக்கினேன். ஸ்டார்ட் செய்யும் முன் வேட்டித் துணிகளையும் போர்வையையும் எண்ணி எடுத்தேன். எஞ்சின் சீராக ஓடுகிறது.

பேட்டரித் தட்டை அசைத்துப் பார்த்தேன். ஒரு மூலை ஆடுகிறது, அங்கே துளை காலி. துரு போல்ட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்து வைத்தேன். விரலாலேயே கடைசிவரை ஏறியது.