[கலைச்சொல்] குயிக் பிரெட், பியர் பிரெட்: தமிழில் எப்படிச் சொல்வது?

மடல் 1 | அனுப்பியவர்: சொல்லடுக்கு

அன்புள்ள குழுவினருக்கு,

சமையல் சொல்தொகுதியில் அடுமனைப் பிரிவு ஏறக்குறைய முடிந்துவிட்டது. ‘குயிக் பிரெட்’ மட்டும் நகரமாட்டேன் என்கிறது. ஈஸ்ட் போடாமல், மாவை மணிக்கணக்கில் பொங்கவிடாமல், பேக்கிங் பவுடரோ சமையல் சோடாவோ சேர்த்துக் கலந்த கையோடு அவனில் (oven) ஏற்றும் வகைகளுக்கு அமெரிக்காவில் வழங்கும் பொதுப்பெயர் அது. வாழைப்பழ பிரெட், மஃபின், ஸ்கோன், அயர்லாந்தின் சோடா பிரெட், பியர் (beer) பிரெட் எல்லாம் இதற்குள் வரும்.

வரைவில் மூன்று சொற்கள் இருக்கின்றன: விரைவு ரொட்டி, உடனடி ரொட்டி, புளிக்கா ரொட்டி. மூன்றுமே உறுத்துகின்றன. எடுத்துக்காட்டுச் செய்முறையாகப் பியர் பிரெட்டை வைக்கலாம் என்று எண்ணம். மாவு, சர்க்கரை, பியர், மேலே கொஞ்சம் வெண்ணெய், அவ்வளவுதான் அதன் பொருள்கள். சொல் சரியாக உட்காருகிறதா என்று சோதிக்க இதைவிட எளிய பதார்த்தம் இல்லை. செல்ஃப் ரெய்சிங் மாவுக்கும் ஒரு சொல் வேண்டும்.

மடல் 2 | அனுப்பியவர்: அடுமனை

வணக்கம் ஐயா.

செய்முறையை முதலில் சரியாக எழுதிக்கொள்வோம். சொல் அதிலிருந்தே வரட்டும்.

மைதா 375 கிராம். பேக்கிங் பவுடர் நாலரை டீஸ்பூன். தூள் உப்பு முக்கால் டீஸ்பூன். இவை மூன்றும் சேர்ந்ததுதான் கடையில் ‘செல்ஃப் ரெய்சிங்’ என்று விற்கும் மாவு. அது நம் ஊரில் எல்லாக் கடையிலும் கிடைக்காது என்பதால் கணக்கைப் பிரித்தே கொடுக்க வேண்டும். சர்க்கரை 3 டேபிள்ஸ்பூன், பியர் 355 மில்லி, உருக்கிய வெண்ணெய் 60 கிராம். 355 என்பது அமெரிக்க டின் அளவு. 330 மில்லி டின் கிடைத்தால் 25 மில்லி தண்ணீர் சேருங்கள், அல்லது மாவை 350 கிராமாகக் குறையுங்கள். 650 மில்லி பாட்டிலைத் திறந்தால் அளந்துதான் ஊற்ற வேண்டும். நுரை அடங்கிய பிறகு அளக்கவும். நுரையோடு அளந்தால் மாவு கெட்டியாகிவிடும்.

அவனை 180 டிகிரிக்கு முன்பே சூடாக்கி வையுங்கள். 23 செ.மீ. நீளம், 13 செ.மீ. அகலமுள்ள பிரெட் தகரத்தில் வெண்ணெய் தடவி, அடியில் ஒரு துண்டு பட்டர் பேப்பர். உலர்ந்த பொருள்களை இரண்டு தடவை சலித்து, நடுவில் குழி செய்து, பியரை மொத்தமாக ஊற்றி, மரக்கரண்டியால் அடியிலிருந்து மேலாக 15, 20 தடவை புரட்டினால் போதும். உலர்ந்த மாவு கண்ணில் படாத நிமிடம் நிறுத்திவிட வேண்டும். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். பதம் பஜ்ஜி மாவைவிடக் கெட்டி. போண்டாவுக்குக் கிள்ளிப் போடும் மாவு மாதிரி. கரண்டியைத் தூக்கிச் சாய்த்தால் ஒழுகக் கூடாது, தொப்பென்று கட்டியாக விழ வேண்டும்.

தகரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். வெண்ணெயில் பாதியை மேலே ஊற்றி, கீழ்த்தட்டில் வைத்து 50 முதல் 55 நிமிடம். மீதி வெண்ணெயைக் கடைசிப் பத்து நிமிடத்தில் ஊற்றலாம். தகரத்துக்கு அடியில் ஒரு தட்டு இருக்கட்டும், வெண்ணெய் வழிந்து சூட்டுக் கம்பியில் சொட்டினால் வீடு முழுக்கப் புகை. வெண்ணெய் ஓரங்களில் இறங்கி மாவைப் பொரிப்பதுபோல் வேகவைக்கும், மேலோடு மொறுமொறுவென்று வருவது அதனால்தான். 35 நிமிடத்திலேயே மேல்பக்கம் கருக்கத் தொடங்கினால் அலுமினியத் தாளால் மூடுங்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘விரைவு ரொட்டி’ தப்பு. அவனில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஆறவைக்க இன்னொரு மணி நேரம். இதில் எது விரைவு? கலக்கும் ஐந்து நிமிடம்தான். பொங்கக் காத்திருக்க வேண்டாம் என்பதுதான் இந்த வகையின் அடையாளம். ‘உடனடி’ என்றால் பாக்கெட்டைப் பிரித்து வெந்நீர் ஊற்றுகிற சமாச்சாரம் என்றே படிப்பவர் நினைப்பார்.

மடல் 3 | அனுப்பியவர்: நுண்வேதி

> வரைவில் மூன்று சொற்கள் இருக்கின்றன: விரைவு ரொட்டி, உடனடி ரொட்டி, புளிக்கா ரொட்டி.

‘புளிக்கா ரொட்டி’யை உடனே எடுத்துவிட வேண்டும். தமிழ் பைபிளைப் படித்தவர்களுக்குப் ‘புளிப்பில்லாத அப்பம்’ என்பது யூதர்கள் பஸ்கா பண்டிகையில் உண்ணும் உப்பாத தட்டை ரொட்டி. அங்கே புளித்தமாவும் கிடையாது, பொங்குதலும் கிடையாது. குயிக் பிரெட்டில் புளித்தல் இல்லை, ஆனால் பொங்குதல் உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் வகைப்பாடே குழம்பும்.

‘நொதிக்கா ரொட்டி’ என்று யாராவது கொண்டுவருவதற்குள் அதற்கும் ஒரு மறுப்பு. தமிழ்நாட்டுப் பாடநூலில் நொதி என்றால் என்சைம். போதாததற்கு, நம் எடுத்துக்காட்டில் ஊற்றுவதே நொதித்த பானம்!

இங்கே இன்னொரு தவறான விளக்கம் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘பியரில் உள்ள ஈஸ்ட் ரொட்டியைப் பொங்கச் செய்கிறது’ என்று பல குறிப்புகளில் எழுதுகிறார்கள். டின்னிலும் பாட்டிலிலும் வரும் சாதாரண பியர் வடிகட்டப்பட்டது. பெரும்பாலும் பாஸ்டர் முறையில் சூடாக்கப்பட்டதும்கூட. அதில் வேலை செய்யும் அளவுக்கு உயிருள்ள ஈஸ்ட் இல்லை. இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் அதனால் ஒன்றும் ஆகாது. பொங்கவைப்பது பேக்கிங் பவுடர்.

அப்படியானால் பியர் எதற்கு? ஒன்று, கரைந்திருக்கும் கரியமில வாயு. லிட்டருக்குச் சுமார் 5 கிராம் என்று வைத்தால் 355 மில்லியில் ஒன்றேமுக்கால் கிராம். நாலரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஏறக்குறைய 20 கிராம், 2 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகத் தரும். காகிதத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஆனால் பியரின் வாயு ஊற்றும்போதும் கிளறும்போதும் பெரும்பகுதி பறந்துவிடும். பேக்கிங் பவுடரில் ஒரு பங்கு ஈரம் பட்டதும் நுரைக்கும், மறுபங்கு சூடு ஏறிய பிறகுதான் வாயுவை விடும். மாவு வெந்து இறுகும் நேரத்துக்கு அது போய்ச் சேர்கிறது. பேக்கிங் பவுடர் இல்லாமல் வெறும் மைதாவில் பியர் ஊற்றினால் செங்கல்தான் கிடைக்கும். இரண்டாவது, மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) தரும் சர்க்கரையும் புரதத் துணுக்குகளும். பழுப்பு நிறமும் ரொட்டி வாசமும் அவற்றால். ஈஸ்ட் வாசம் ஓசியில் வந்துவிடுகிறது என்பதே பியரை ஊற்றுவதன் முழுப் பயன்.

ஆகவே பியர் பிரெட்டை ஈஸ்ட் ரொட்டிகளின் கீழ் வகைப்படுத்த வேண்டாம்.

மடல் 4 | அனுப்பியவர்: வடமராட்சி

வணக்கம்.

ரொட்டி என்ற சொல்லிலேயே எங்களுக்குச் சிக்கல் இருக்கிறது. இலங்கையில் ரொட்டி என்றால் தேங்காய்ப்பூவும் கோதுமை மாவும் குழைத்துத் தட்டிச் சுடுவது. போறணையில் (நீங்கள் சொல்லும் அவனில்) வேகிறது பாண். போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல், இன்றைக்கும் கடையில் அப்படித்தான் கேட்கிறோம். வெதுப்பி என்று எழுத்தில் பாவிப்பதும் உண்டு. சொல்தொகுதி எல்லாருக்கும் என்றால் ‘ரொட்டி’க்குப் பக்கத்தில் ‘பாண்’ கட்டாயம் வர வேண்டும்.

நுண்வேதி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பியர் பாணைப் பொங்கவைத்த காலமும் இருந்தது. முதலாம் நூற்றாண்டிலேயே ரோமரான பிளினி, கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டாரும் ஐபீரியரும் (ஸ்பெயின் பகுதியார்) பியர் நுரையை மாவில் சேர்ப்பதால் அவர்களின் பாண் மற்றவர்களுடையதைவிட இலேசாக இருந்ததாக எழுதியிருக்கிறார். இங்கிலாந்திலும் ஏல் என்ற பியர் வகையை வடிப்போரிடம் நுரை வாங்கித்தான் நெடுங்காலம் பாண் போட்டார்கள். அந்த நுரை முழுக்க உயிருள்ள மதுவம். (எங்கள் பாடநூலில் ஈஸ்டுக்கு மதுவம் என்று பெயர். மதுவையும் மதுவத்தையும் ஒரே செய்முறையில் எழுதினால் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள்.) எங்கள் அப்பத்துக்குக் கள்ளு விடுகிறதும் அதே வேலைதான்: இறக்கின கள்ளில் மதுவம் உயிரோடு இருக்கும், மா இரவோடிரவாகப் பொங்கும். கள்ளு விட்ட அப்பமும் பியர் பாணும் வெளிப்பார்வைக்கு ஒரு சாதி. உள்ளே நடப்பது வேறு. இந்த வித்தியாசத்தைச் சொல்தொகுதிக் குறிப்பில் ஒரு வரியாவது சொல்லுங்கோ.

மடல் 5 | அனுப்பியவர்: அடுமனை

கள் அப்பம் ஒப்புமை அருமை. அதிலிருந்தே சொல் கிடைக்கிறது என்று நினைக்கிறேன்.

இரவு முழுக்கப் புளிக்க வைக்காமல் சுடும் தோசைக்குத் தமிழ்ப் பத்திரிகைகள் என்ன பெயர் வைத்திருக்கின்றன? திடீர் தோசை. திடீர் இட்லி, திடீர் ஊறுகாய் எல்லாமே இதே பொருளில் புழங்குகின்றன: ஊற, புளிக்க, பொங்க வேண்டிய காத்திருப்பை வெட்டியது. குயிக் பிரெட்டின் இலக்கணமும் அதேதான். திடீர் ரொட்டி, திடீர்ப் பாண். கொச்சையாக இருக்கிறது என்று யாராவது முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும், சமையலறைக்குள் நுழையாத சொல்லை அகராதியில் அடுக்கி என்ன பயன்?

செல்ஃப் ரெய்சிங் மாவுக்கு ‘உப்பும் மாவு’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். வேண்டாம், உப்பு போட்ட மாவு என்றுதான் படிப்பார்கள். (உப்பு உண்மையிலேயே இருக்கிறது என்பது வேறு கதை.) ‘பொங்குமாவு’ என் பரிந்துரை. ‘பொங்குமா’ என்று சுருக்கினால் கேள்வி போல் ஆகிவிடும், அந்தக் கேள்விக்குப் பழைய பேக்கிங் பவுடர் ‘பொங்காது’ என்று பதில் சொல்லும். ஒரு டீஸ்பூனைச் சூடான தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சீறி நுரைத்தால் நல்லது; சோம்பலாகக் குமிழி விட்டால் தூக்கிப் போடுங்கள்.

‘சோடா ரொட்டி’யைப் பொதுப்பெயராக வைக்கலாமே என்றும் கேட்டிருந்தார்கள். அது அயர்லாந்தின் ஒரு தனி வகை, சோடாவை மோரின் புளிப்பு முழுதாகத் தீர்த்துவிடும். பியரின் புளிப்பு அதற்குப் போதாது. பேக்கிங் பவுடருக்குப் பதில் ஒரு டீஸ்பூன் சோடாவைப் பியர் மாவில் போட்டால் மிச்சம் நிற்கும்: நாக்கில் சவர்க்காரச் சுவை, உள்ளே மஞ்சள் பாரித்த நிறம். மாவில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் கலந்திருந்தால் அங்கங்கே சிவப்புப் புள்ளி தெரியும். சோடா கூடிப்போன வடையில் பார்க்கிற அதே சிவப்பு.

செய்முறையோடு சேர்க்க வேண்டிய பிழைகளையும் எழுதிவிடுகிறேன். பியர் பிரெட் கல்லாகிவிட்டது என்ற புகார்தான் அதிகம். பெரும்பாலும் குற்றவாளி கப். சலித்த மைதா ஒரு கப் 125 கிராமுக்குள் நிற்கும். பையில் கப்பை விட்டு அமுக்கி அள்ளினால் 150 வரை போகும். மூன்று கப்பில் 75 கிராம் கூடுதல். அதனால்தான் எடையில் கொடுத்தேன். அடுத்தது, கட்டி கரையட்டும் என்று கலக்கிக்கொண்டே இருப்பது. பசையம் (குளூட்டன்) இழுபட்டு ரப்பராகும், வெட்டினால் மேல்நோக்கி ஓடும் நீள நீளத் துளைகள் தெரியும். நடு அமுங்கினால் வேகுமுன் கதவைத் திறந்திருப்பீர்கள், அல்லது கலந்த மாவை அரை மணி நேரம் மேடையில் வைத்திருப்பீர்கள். வெந்ததா என்று பார்க்க ஈர்க்குச்சி குத்துவதைவிட வெப்பமானி நல்லது, நடுவில் 94 டிகிரி தொட்டால் எடுக்கலாம். சூட்டோடு வெட்டினால் கத்தியில் களி போல் ஒட்டும், அது வேகாததால் அல்ல. மாவுச்சத்து இறுக ஒரு மணி நேரம் கொடுங்கள்.

கசப்புக்குக் காரணம் பியர்தான். ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பூட்டும் பூ) தூக்கலான ஐ.பி.ஏ. என்ற பியர் வகையை ஊற்றினால் தண்ணீர் வற்ற வற்றக் கசப்பு மட்டும் நிற்கும். லாகரோ கோதுமை பியரோ நல்லது. கருநிற ஸ்டவுட் பியரை ஊற்றினால் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டித் தூள் போட்டுப் பாருங்கள்.

மடல் 6 | அனுப்பியவர்: நுண்வேதி

‘திடீர்’ எனக்குச் சம்மதம். ஒரே ஒரு தடை: மஃபினையும் ஸ்கோனையும் ரொட்டி என்று யாரும் சொல்லமாட்டார்கள். பொதுவகைக்குத் ‘திடீர் அடுவகை’ என்று வைத்து, ‘திடீர் ரொட்டி’யைத் தகரத்தில் வேகும் பிரெட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மது சேராதவர்களுக்கும் ஒரு குறிப்பு வேண்டும். அவனில் எல்லாம் ஆவியாகிவிடும் என்று எழுதாதீர்கள். மாவில் கலந்து ஒரு மணி நேரம் வேகவைத்தாலும் சுமார் கால்பங்கு தங்கும் என்பது அமெரிக்க வேளாண் துறை அட்டவணையின் கணக்கு. 5 விழுக்காட்டுப் பியர் 355 மில்லியில் ஆல்கஹால் 14 கிராம். தங்குவது மூன்றரை கிராம், 12 துண்டு போட்டால் துண்டுக்கு 0.3 கிராம். போதை தராது, ஆனால் விலக்கு என்றால் விலக்குதான். அவர்களுக்கு ஆல்கஹால் இல்லாத மால்ட் பானம், அல்லது கடையில் விற்கும் சோடாத் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் மால்ட் பவுடர்.

மடல் 7 | அனுப்பியவர்: சொல்லடுக்கு

நன்றி. பதிவு இப்படி:

திடீர் ரொட்டி (இலங்கை: திடீர்ப் பாண்): ஈஸ்டோ புளித்த மாவோ இன்றி, பேக்கிங் பவுடர் அல்லது சமையல் சோடா விடும் வாயுவால் பொங்கி, கலந்தவுடன் வேகவைக்கப்படும் ரொட்டி. ‘புளிப்பில்லாத அப்பம்’ இதுவன்று.

பொங்குமாவு: பேக்கிங் பவுடரும் உப்பும் முன்கூட்டியே கலந்த மைதா. 125 கிராமுக்கு ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் உப்பு. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஹென்றி ஜோன்ஸ் 1845இல் காப்புரிமை பெற்றது.

பியர் ரொட்டி (இலங்கை: பியர்ப் பாண்): நீருக்குப் பதில் பியர் ஊற்றிய திடீர் ரொட்டி. பியர் மணத்துக்கும் நிறத்துக்கும், பொங்குவது பொங்குமாவால். கள் ஊற்றிய அப்பத்தில் கள்ளே பொங்கவைப்பதால் அது வேறு வகை.

‘திடீர் அடுவகை’யை அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறேன், அடுவகை என்ற சொல்லை இன்னும் யாரும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை. மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதவும். அடுத்த இழை ‘ஐசிங்’.