புதுப்பிப்பு: ஹேமர் பவளம் மறுபடி விரிகிறது, காரணம் ஆல்கலினிட்டி ஏற்ற இறக்கம்

உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. என் கடல்நீர்த் தொட்டியில் வளரும் ஹேமர் பவளம் (சுத்தியல் பவளம்) உணர்கொம்புகளை உள்ளிழுத்துக்கொண்டு, ஓரத்தில் சதை விலகி வெள்ளை எலும்பு தெரிகிறது என்று கேட்டிருந்தேன்.

வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. நேராக மோதிய நீரோட்டத்தைத் திருப்பிவிட்டதில் பவளம் கொஞ்சம் தேறியது. உண்மையில் பலன் தந்தது, ஆல்கலினிட்டியை, அதாவது அமிலத்தைச் சமன்செய்யும் நீரின் திறனை, காலையிலும் இரவிலும் அளக்கச் சொன்ன யோசனைதான். காலையில் 7.2 டிகேஎச் (அதை அளக்கும் அலகு), அதை உயர்த்தும் பஃபர் கரைசலை ஊற்றிய பிறகு இரவில் 9.1! பவளத்துக்கு இந்தத் தாவல்தான் ஆகவில்லை. அப்புறம் அதே அளவு பஃபரை டோசிங் பம்ப் (அளந்து விடும் சிறு பம்ப்) வழியாக நாள் முழுக்கச் சிறுகச் சிறுக விட்டேன். இப்போது 8.2க்கும் 8.4க்கும் நடுவே நிற்கிறது. கால்சியம் 420 பிபிஎம், வெப்பம் 25 டிகிரி. இவற்றைத் தொடவே இல்லை.

முதலில் வாயைச் சுற்றிய சதை உப்பியது. பிறகு உணர்கொம்புகள் நீண்டு, நுனியில் அந்தச் சுத்தியல் வடிவம் பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்த்ததும் எவ்வளவு நிம்மதி!

எதிர்பாராதது ஒன்று: சதை போன இடத்தில் அது திரும்ப வளரவில்லை, பாசிதான் பிடித்திருக்கிறது. ஆனால் சற்றுக் கீழே, தண்டின் பக்கவாட்டில், பட்டாணி அளவில் புது மொட்டு. எலும்பு தெரிகிறதே என்று அவசரப்பட்டு அந்தக் கிளையை உடைத்துவிடாதீர்கள்.