விளையாட்டுவழி சமூக மாற்றம்: ஆய்வுத் துறைக்குள் எப்படி நுழைவது?

செந்தூல் தம்பி:
வணக்கம். விளையாட்டு அறிவியலில் இளங்கலை முடித்திருக்கிறேன். கோலாலம்பூர் பிபிஆர் (குறைந்த வருமானத்தினருக்கான அரசு வீடமைப்பு) அடுக்குமாடிகளில் நடக்கும் காற்பந்துப் பயிற்சி பதின்ம வயதுப் பிள்ளைகளின் தன்மதிப்பைக் கூட்டுகிறதா என்று முதுகலையில் ஆராய ஆசை. பிறகு முனைவர் பட்டம், விரிவுரையாளர் வேலை. எதிலிருந்து தொடங்கலாம்?

பந்தாய்வாசி:
தம்பி, ‘கூட்டுகிறதா’ என்ற கேள்வி போதாது. எந்தப் பயிற்சி, யாருக்கு, எதனால் என்று கேளுங்கள். பந்தை உதைப்பதால் மட்டும் தன்மதிப்பு வளராது. பயிற்றுநரின் அக்கறையா, பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் பொறுப்பா, நிலையான நட்பா? எது வேலை செய்யும் என்று களத்தில் இறங்குமுன்பே எழுதி வையுங்கள். விளையாட்டுவழி சமூக மாற்றத்தை ஆராய்ந்த ஃபிரெட் கோல்ட்டர் (Fred Coalter) எழுத்துகளை அவசியம் படியுங்கள், இந்த இடத்தைத்தான் அவர் விடாமல் வலியுறுத்துகிறார். நைரோபியின் மத்தாரே குடிசைப்பகுதியில் 1987இல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கத்தில், குப்பை அகற்றும் அணிக்கு லீக் பட்டியலில் புள்ளி உண்டு. ஆட்டமும் பொறுப்பும் ஒரே முடிச்சு.

மேற்பார்வைக்கு இருவர் வேண்டும். ஒருவராவது சமூகவியலோ கல்வியியலோ சார்ந்தவராக இல்லாவிட்டால் நேர்காணல் பகுதி மெலிந்துபோகும்.

எண்கணக்கு:
தன்மதிப்பை அளக்கும் ரோசன்பர்க் வினாப்படிவத்தில் 10 கூற்றுகள், அதில் பாதி எதிர்மறை. சின்னப் பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான். தமிழாக்கத்தை, ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

இரு குழுக்களை ஒப்பிட்டு நடுத்தர அளவு வேறுபாட்டை (விளைவளவு 0.5) 80% திறனுடன், அதாவது அது உண்மையில் இருந்தால் நூற்றுக்கு எண்பது தடவை தென்படும்படி காண, குழுவுக்கு 64 பேர் வேண்டும். ஆனால் ஒரே அணிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அணிக்கு 15 பேர், அந்த ஒத்திருக்கும் அளவு (ICC) வெறும் 0.05 என்றாலே 1.7 மடங்காகிக் குழுவுக்கு 109 பேர் தேவை. முதுகலைக்கு இது பெரும் சுமை. ஓர் அடுக்குமாடியை மட்டும் எடுத்து அங்குள்ள பிள்ளைகளோடு ஆழமாகப் பேசிப் பாருங்கள்.

இடையில் நின்றுவிட்ட பிள்ளைகளையும் கட்டாயம் தேடிப் பிடியுங்கள். கடைசிவரை வந்தவர்களை மட்டும் அளந்தால் எந்தப் பயிற்சியும் வெற்றியாகத்தான் தெரியும். இந்தத் துறையில் எளிதில் நடக்கக்கூடிய பிழை இது.

பள்ளி அனுமதி:
பள்ளி வழியாகப் போவதானால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு, கல்வி அமைச்சின் இராஸ் (eRAS, ஆய்வு அனுமதிக்கான தளம்) இணைய விண்ணப்பம், மாநிலக் கல்வி இலாகா, அதன்பிறகே தலைமையாசிரியர். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும். படிவம் மலாயிலும் தமிழிலும் இருக்கட்டும். தேர்வு வகுப்புகளைத் தவிர்த்துவிடுங்கள்.

செந்தூல் தம்பி:
பெண் பிள்ளைகள் குறைவாக வருகிறார்களே, அவர்களை விட்டுவிடலாமா?

பந்தாய்வாசி:
கூடாது. பயிற்சி நேரம், திடல் வெளிச்சம், பெண் பயிற்றுநர் உண்டா, வீட்டில் தம்பி தங்கையைப் பார்ப்பது யார் என்று பதிவு செய்யுங்கள். அந்தப் பகுதியையே தனிக் கட்டுரையாக்கலாம். விரிவுரையாளர் பணிக்கு விண்ணப்பிக்குமுன் அது வெளிவந்திருப்பது நல்லது.