கோசா புடவையின் முந்தியில் கட்டி கட்டியாக நூல்: அசல் பட்டுதானா?

தேனிலா:
வணக்கம். என் மாமியார் முப்பது வருஷத்துக்கு முன்னால் சத்தீஸ்கரில் உள்ள சாம்பாவில் வாங்கிய கோசா புடவை (கோசா என்பது அங்கே நெய்யும் டசர் பட்டு) இப்போது என்னிடம் வந்திருக்கிறது. சாயம் போடாத தேன் நிறம். உடல் மெல்லிசாக இருக்கிறது, முந்தி மட்டும் சொரசொரப்பு. நூல் ஓரிடத்தில் தடிமன், ஓரிடத்தில் மெலிசு. பாலிஷ் போடக் கொண்டுபோன கடையில், "இது பட்டே இல்லை, சணல் கலப்பு" என்றார்கள். அத்தையிடம் சொல்ல மனசு வரவில்லை. எப்படித் தெரிந்துகொள்வது?

பிலாஸ்பூர் அக்கா:
அத்தையிடம் எதுவும் சொல்லிவிடாதேம்மா. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்ததால் பல வருஷம் பிலாஸ்பூரில் இருந்தோம். சாம்பா அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். அங்கே தேவாங்கன் என்ற நெசவாளர் சமூகத்தாரின் வீடுகளுக்கு அடிக்கடி போவேன்.

உன் முந்தியில் இருப்பது கிச்சா நூல். கோசா புழு மருத மரத்திலும் கருமருதிலும் வெட்டவெளியில் இலை தின்று வளர்கிறது. பறவைகள் கொத்தாமல் இருக்க, கவணோடு ஆள் காவல் இருப்பார்கள். கூடு கெட்டியாக, ஒரு காம்பில் தொங்கும். முழுக் கூட்டை வேகவைத்தால் இழை நீளமாக வரும். அது உடலுக்கு. பூச்சி துளைத்துக்கொண்டு வெளியேறிய கூட்டில் இழை அறுந்து கிடக்கும். அதைக் கையாலேயே இழுத்து இழுத்து நூலாக்குவார்கள், முறுக்கு கிடையாது. தடிமனும் மெலிசும் அதனால்தான்.

நீளமான இழையைச் சுலபமாக எடுத்தார்கள் என்று நினைத்துவிடாதே. ஒரு அம்மா திண்ணையில் உட்கார்ந்திருப்பார், முன்னால் சட்டியில் ஐந்தாறு கூடு. ஒரு கை இழைகளைச் சேர்த்துத் தொடையில் உருட்டும், இன்னொரு கை நட்வா என்ற சட்டத்தில் நூலைச் சுற்றும். உருட்டி உருட்டித் தொடைத் தோல் காய்த்துப் போயிருந்தது. அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது அதற்குப் புனியாத் என்ற இயந்திரம் வந்திருக்கிறது. 2020 மார்ச்சுக்குள் தொடையில் நூல் எடுப்பதை ஒழிப்போம் என்று ஜவுளி அமைச்சகம் சொன்னது. எப்போதோ வந்திருக்க வேண்டியது.

நூல்கண்டு:
அக்கா சொல்வது சரி. உறுதிப்படுத்த, குஞ்சத்திலிருந்து ஓர் இழை உருவிக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. காகிதம் எரியும் வாசனை என்றால் பருத்தியோ சணலோ. புதிதாக வாங்குபவர்கள் சில்க் மார்க் முத்திரையை மட்டும் பார்த்தால் போதாது. அது பட்டு என்று மட்டுமே சொல்லும். கைத்தறிக்கு வேறு முத்திரை உண்டு.

தேனிலா:
நீளவாக்கில் ஓடும் பாவு இழை, முந்தி இழை இரண்டையும் கொளுத்தினேன். இரண்டிலும் முடி கருகும் நாற்றம்தான்! "என்ன கருகுது?" என்று அத்தை வந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். முந்தியைத் தடவிப் பார்த்துவிட்டு, "கிச்சான்னுதான் அந்தத் தறிக்காரரும் சொன்னாரு" என்றார். சரி அக்கா, பாலிஷ் போடட்டுமா?

பிலாஸ்பூர் அக்கா:
வேண்டாம்மா. நிழலில் காற்றாட விட்டு, பருத்தித் துணியில் சுற்றி வை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்று. இல்லாவிட்டால் மடிப்பு விழுந்த இடத்திலேயே இழை விட்டுவிடும்.