மாரிக்கு எந்த அளவு டிஹியூமிடிபயர் (காற்றின் ஈரத்தை இழுக்கும் மெஷின்) வாங்கலாம்?

உப்புவெளியில் கடலுக்குக் கிட்ட எங்கள் வீடு. ஐப்பசி மழை தொடங்கினால் தை வரைக்கும் சுவரில் கை வைக்க ஈரம்தான். போன மாரியில் அம்மாவின் கூறைச்சேலையில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அதைக் கண்ட நாளிலிருந்து மனம் ஆறவில்லை. இரண்டு படுக்கையறை, ஒரு ஹோல். 20 லீற்றர் மெஷின் ஒன்றை மாற்றி மாற்றி வைத்தால் போதுமா?

பதில்: போதும் தங்கச்சி. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு அறை, அதுவும் கதவு யன்னல் பூட்டித்தான். பெட்டியில் எழுதியிருக்கும் 20 லீற்றர் என்பது பெரும்பாலும் 30 பாகைச் சூட்டிலும் 80 சதவீத ஈரப்பதனிலும் ஒரு நாளைக்கு இழுக்கும் அளவு. மாரிக் குளிரில் அவ்வளவு வராது. கொம்பிரசர் வகையே எடுங்கள், மற்றது, ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த டெசிக்கன்ட் வகை, குளிர் நாடுகளுக்கு. அடியில் சில்லு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில்: மெஷினில் ஈரப்பதனை 55 சதவீதத்தில் வையுங்கள். வாளி நிரம்பினால் மெஷின் நின்றுவிடும், அதனால் ஹோஸ் பூட்டுவது நல்லது. அறை கொஞ்சம் சூடாகும். படுக்கும் நேரம் ஹோலில் விடுங்கள்.

கேட்டவர்: நன்றி அக்கா, அண்ணா. அலுமாரி இருக்கும் அறையில் முதலில் தொடங்குகிறேன்.