மும்பை சோர் பஜாரில் கண்ணாடி மெழுகுவர்த்தி ஸ்டாண்ட்: பழசா, புதுசா?

மாட்டுங்காவிலிருந்து:

மட்டன் ஸ்ட்ரீட் பக்கம் பழைய கண்ணாடிச் சாமான் தேடிப் போகிறவர்களுக்காக இது. போன வாரம் ஒரு கடையில் டால்பின் ஸ்டாண்ட் ஒரு ஜோடி பார்த்தேன். தலைகீழாக நிற்கும் மீன், வால் நுனியில் மெழுகுவர்த்தி செருகும் குழி. “அங்ரேஜ் ஜமானே கா மால்”, அதாவது வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு என்றார் கடைக்காரர். அந்த டிசைனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததோ அமெரிக்காவில், மாசசூசெட்ஸின் சாண்ட்விச் ஊரில் 1825 முதல் 1888 வரை ஓடிய தொழிற்சாலை. சரி, அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

நான் முதலில் பார்ப்பது கழுத்தைத்தான். அந்தக் காலத்து டால்பினில் அடிப்பாகத்தையும் மேல்குழியையும் தனித்தனி அச்சில் அழுத்தி எடுத்து, சூடு ஆறுவதற்குள் நடுவில் ஒரு சொட்டு உருகிய கண்ணாடி வைத்து ஒட்டினார்கள். அது நசுங்கி வில்லையாகப் பிதுங்கி நிற்கும். கைவேலை என்பதால் ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிவு. மேல்பாகம் லேசாகச் சாய்ந்தும் இருக்கலாம். கடையில் இருந்த ஜோடியிலும் கழுத்தில் வளையம் இருந்தது. ஆனால் அச்சின் துண்டுகள் சேரும் இடத்தில் விழும் அச்சுக்கோடு அடியில் கிளம்பி, அந்த வளையத்தின் மேலேயே ஏறி, விளிம்பு வரை போயிற்று. தனியாக வைத்து ஒட்டிய சொட்டில் அச்சுக்கோடு எப்படி வரும்? வளையத்தையும் சேர்த்தே அச்சில் அழுத்தியிருக்கிறார்கள்.

அப்புறம் எம்.எம்.ஏ. என்ற எழுத்து இருக்கிறதா என்று தேடினேன். நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்காகச் செய்த நகல்களில் அது இருக்கும். மியூசியம் நகல் என்று சொல்லித்தான் விற்றது. நாலு கை மாறினால் நகலும் அசலாகிவிடுகிறது. இதில் எழுத்து எதுவும் இல்லை. அடியைத் திருப்பினால் மணல்தாள் போட்டதுபோல் ஒரே திசையில் கீறல், உள்ளே குழிந்த இடத்திலும்கூட. மேஜையில் வருஷக்கணக்காக நகர்ந்த சாமானில் கீறல் தாறுமாறாக, தரை தொடும் விளிம்பில் மட்டும் இருக்கும். விலையே கேட்காமல் வந்துவிட்டேன்.

செம்பூரிலிருந்து:

அண்ணா சொன்னது டால்பினுக்குச் சரி. அதற்காக வில்லை இல்லாததெல்லாம் போலி என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். பின்னால் வந்தவற்றில் முழு ஸ்டாண்டையும் ஒரே அச்சில் எடுத்தது நிறைய உண்டு. பாந்த்ராவில் பழைய பங்களா ஒன்றைக் காலி செய்தபோது எனக்குக் கிடைத்த ஜோடி அப்படித்தான், இங்கிலாந்துச் சரக்கு. அடியில் டிசைனைப் பதிவு செய்ததற்கான வைர வடிவ முத்திரை, அதன் தலையில் சின்ன வட்டத்துக்குள் ரோமன் மூன்று. கண்ணாடிச் சாமானுக்கான வகுப்பு எண் அது. வெறும் கண்ணுக்குப் பிடிபடவில்லை, ஈரமாக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தபோதுதான் தெரிந்தது. அந்த முத்திரை 1842 முதல் 1883 வரை. 1884 முதல் வெறும் பதிவு எண். ஆனால் அதிலுள்ள தேதி டிசைனைப் பதிவு செய்த தேதி. அதே அச்சில் பல வருஷம் கழித்தும் எடுத்திருக்கலாம். இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் ஊரில் கண்ணாடி செய்த சவர்பி கம்பெனியின் மயில்தலை முத்திரையைப் பார்த்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் ரொம்ப நாளாகத் தேடுகிறேன்.

சயானிலிருந்து:

எல்லோரும் புற ஊதா டார்ச்சோடு கிளம்பிவிடுகிறார்கள். பச்சையாக ஒளிர்ந்தால் பழசு என்று நினைப்பு. பளீரென்று ஒளிர்ந்தால் யுரேனியம் இருக்கலாம், அவ்வளவுதான். யுரேனியம் கண்ணாடி இன்றும் செய்கிறார்கள். ஊதா நிறமும் அதே கதைதான். மாங்கனீஸ் கலந்த பழைய கண்ணாடி பல வருஷம் வெயில் பட்டால் இளம் ஊதாவாகும். இப்போது கதிர்வீச்சு கொடுத்து அதைச் சீக்கிரமே வரவழைக்கிறார்கள். கத்தரிப்பூ மாதிரி அடர் ஊதா கண்டால் நான் கிட்டவே போவதில்லை.

குழிக்குள் பழைய மெழுகு ஒட்டியிருப்பதைக் காட்டி ஒருவர் என்னிடம் விலை ஏற்றினார். மெழுகு எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், ஐயா! பிரோசாபாத்தில் புதுசாக நல்ல கண்ணாடிச் சாமானே செய்கிறார்கள். புதுசென்று சொல்லி, புதுசின் விலைக்குக் கொடுத்தால் நானே ஒரு ஜோடி வாங்குவேன்.

புதிதாகப் போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை கடைகள் மூடியிருக்கும், தெருவில் விரித்து விற்பவர்கள்தான். விடிவதற்கு முன்னால் போனால் சாதாரண டார்ச்சும் பத்து மடங்கு லென்ஸும் எடுத்துப் போங்கள்.